கோடு இல்லை, ஆனால் தெரிகிறது!

அமெரிக்காவில் ஓர் ஆட்டம் உண்டு. பெயர் கால்பந்து. ஆனால் பந்தைக் கையில்தான் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள்!

ஒரு கட்சிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கெஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்பு. தவறினால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும்.

அந்த 10 கெஜம் எங்கே முடிகிறது? மைதான ஓரத்தில் கம்புகளும் ஒரு சங்கிலியுமே அடையாளம். டெலிவிஷனில் பார்ப்பவர்களுக்கு அது சரியாகத் தெரியாது.

1998-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி அந்தக் குறை தீர்ந்தது. சின்சினாட்டி அணியும் பால்டிமோர் அணியும் மோதிய ஆட்டத்தை ஈ.எஸ்.பி.என். ஒளிபரப்பியது. புல்தரையின் குறுக்கே பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு! மைதானத்தில் இருந்தவர்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தது.

அந்தக் கோட்டைப் போட்டது ஸ்போர்ட்விஷன் கம்பெனி. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஸ்டான் ஹனி.

படகில் கிடைத்த வாய்ப்பு

ஹனி எஞ்சினீயர். யேல், ஸ்டான்போர்டு சர்வகலாசாலைகளில் படித்தவர். பாய்மரப் படகுப் பந்தயத்தில் வழிகாட்டியாகப் போவதில் அவருக்குத் தீராத ஆசை.

1983-ம் ஆண்டு கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்த் தீவுக்கு ஒரு பந்தயம். ஹனி ஏறிய படகின் சொந்தக்காரர், அடாரி விளையாட்டுக் கம்பெனியைத் தொடங்கிய நோலன் புஷ்னெல். அந்தப் படகே முதலில் கரை சேர்ந்தது. "மோட்டார் காருக்கும் இப்படி ஒரு வழிகாட்டி வேண்டும்" என்ற ஹனியின் யோசனைக்கு அவரே பணம் கொடுத்தார். ஏடக் என்ற கம்பெனி பிறந்தது. 1985-ல் காருக்குள் நகரும் வரைபடம் விற்பனைக்கு வந்தது.

1989-ல் ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் ஏடக்கை வாங்கியது. ஹனி பின்னர் அங்கே தொழில்நுட்பப் பிரிவின் பெரிய அதிகாரி ஆனார்.

நீல வட்டு

பனிச் சறுக்கு ஹாக்கியில் பந்து கிடையாது. சிறிய கறுப்பு வட்டுதான். அது பாயும் வேகத்தில் கண்ணில் படுவது அபூர்வம். வட்டுக்குள் மின்கருவி வைத்து, திரையில் நீல ஒளி வீசச் செய்தது ஹனியின் குழு. வேகமாக அடித்தால் சிவப்பு வால்! 1996-ல் ஒளிபரப்பானது.

ஆட்டம் தெரியாதவர்கள் ரசித்தார்கள். தெரிந்தவர்கள் திட்டினார்கள். 1998-ல் கைவிடப்பட்டது. திட்டியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தவனை விளக்கைப் பார்க்கச் சொன்னால் எப்படி?

மஞ்சள் கோடு அப்படி அல்ல. அது தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஆட்டக்காரர் கால் வைத்தால், காலுக்கு அடியில் மறைகிறது. எது புல்லின் நிறம், எது சட்டையின் நிறம் என்று கம்ப்யூட்டர் பிரித்துப் பார்ப்பதால் வரும் வித்தை இது. மழை நீர் வடிய மைதானத்தின் நடுப்பகுதி சற்று மேடாக இருக்கும். அந்த மேட்டையும் முன்கூட்டியே அளந்து வைத்தார்கள். காமிரா திரும்புவதையும் கணக்கில் சேர்த்தார்கள்.

எதற்கு இத்தனை பாடு? கோடு ஓர் அடி தள்ளி விழுந்தால், நேர்மையாகத் தீர்ப்புச் சொன்ன நடுவரை ஊரே திருடன் என்று ஏசும்! இல்லாததைக் காட்டுகிறவனுக்குப் பொறுப்பு இரட்டிப்பு. நடுவர்களோ அந்தக் கோட்டை நம்பவில்லை. சங்கிலியால்தான் அளந்தார்கள். காமிராவால் அளக்கும் முறை அங்கே 2025-ல்தான் வந்தது.

கடலில் அது முன்பே நடந்துவிட்டது. 2013-ம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கோப்பைப் படகுப் பந்தயம். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படத்தில், அலைமேல் எல்லைக் கோடு போட்டுக் காட்டியது ஹனியின் குழு. படகு இருக்கும் இடத்தைச் சுமார் 2 சென்டிமீட்டர் வரை துல்லியமாகச் சொன்னார்கள். அந்தக் கணக்கைப் பார்த்தே, கரையில் உட்கார்ந்திருந்த நடுவர்கள் தீர்ப்பு வழங்கினார்கள்.