மலையடிவாரத்தில் ஒரு கடல்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள், கோயிலைப் பார்ப்பார்கள், பௌர்ணமியானால் கிரிவலம் வருவார்கள். நான் போன மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்தது சமுத்திரத்தை!

சிரிக்காதீர்கள். ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் என் பெரியம்மா பெண் குடியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மதில் மேல் மயில் உட்கார்ந்திருக்கும் வீடு. உள்ளே போனால் கூடத்தில் 4 அடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் பாறை, மணல், உப்புத் தண்ணீர், மீன்கள்.

"இங்கேயிருந்து புதுச்சேரிக் கடற்கரையே சுமார் 100 கிலோமீட்டர் ஆச்சே! சமுத்திரம் உன் வீட்டுக்கு எப்படி வந்தது அக்கா?" என்று கேட்டேன்.

"உப்பு மூட்டையிலே வந்ததுடி" என்றாள்.

சமையல் உப்பு அல்ல. இதற்கென்றே தயாரித்து விற்கும் கடலுப்புக் கலவை. லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. அக்காவின் தொட்டியில் 250 லிட்டர் தண்ணீர். அதற்கு ஏறக்குறைய 9 கிலோ உப்பு ஆயிற்று. ரசம் சுண்டினால் கரிக்கிறதல்லவா? இங்கேயும் அப்படித்தான். தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. ஆகையால் வற்றிய அளவுக்கு உப்புச் சேராத சுத்தமான தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கத்திரி வெயிலில் தண்ணீர் சுடாமலிருக்கக் குளிரூட்டும் இயந்திரம் ஒன்று ஓடுகிறது. 25, 26 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை.

"பாறையிருக்கு, பவளம் எங்கே?" என்று கேட்டதும் அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. நம் கடலில் பவளப் பாறையைப் பெயர்ப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதியை 1986-ல் கடல் தேசியப் பூங்காவாகவே அறிவித்து விட்டார்கள். ராமேசுவரம் போனவர்கள் ஞாபகத்துக்கு ஒரு துண்டு எடுத்து வருவதுகூடத் தப்பு. அக்கா வீட்டுப் பாறைகள் ஆளால் செய்யப்பட்டவை.

இதெல்லாம் சரி, நான் சொல்ல வந்த விஷயம் வேறு. தொட்டியில் முதலில் மூன்று மீன்கள் இருந்தன. நான் போன அன்று இரண்டுதான் இருந்தன. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அக்காவுக்குக் கண் கலங்கியது.

மூன்றும் 'ராஸ்' என்னும் இனம். கடை வைத்திருக்கும் ஒருவர், "எல்லாம் ஒரே குடும்பம் அம்மா, சேர்ந்து இருக்கும்" என்று சொல்லி ஒரே நாளில் மூன்றையும் கட்டிக் கொடுத்து விட்டார். ஒரே குடும்பம் என்றால் சண்டை வராதாம்! கேட்டீர்களா கதையை? அந்தக் குடும்பத்தில் 500-க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. விரல் நீளம் உள்ளதும் உண்டு. ஆள் நீளம் வளர்வதும் உண்டு. பரம சாதுவும் உண்டு. பக்கத்தில் யாரையும் அண்ட விடாததும் உண்டு.

அக்கா வாங்கியதில் ஒன்று ஆறு வரி ராஸ். ஊதா உடம்பில் ஆறு ஆரஞ்சுக் கோடு. மூன்று அங்குலம்கூட இராது. இரண்டாவது ஃபேரி ராஸ், சிவப்பும் ரோஜா நிறமுமாகக் கல்யாணப் பட்டுப் போல ஓர் ஆண். மூன்றாவது மஞ்சள் ராஸ்.

மஞ்சள் மீன் தொட்டியில் விட்ட அரை நிமிஷத்தில் காணாமற் போயிற்று. செத்துத்தான் போய்விட்டது என்று அக்கா மணலை எல்லாம் கையால் துழாவிவிட்டாள். பாவம், அது தூங்கிக் கொண்டிருந்தது! அந்த வகைக்கு மணலுக்குள் புதைந்து தூங்குவதுதான் வழக்கம். புது இடத்துக்கு வந்தால் பயத்தில் சில நாட்கள் வெளியே வராமலும் இருக்கும். துழாவக் கூடாது, காத்திருக்க வேண்டும். அதற்குக் கூர்மையில்லாத பொடி மணல் இரண்டு மூன்று அங்குல உயரம் போட்டிருக்க வேண்டியது அவசியம்.

ஃபேரி ராஸ் வேறு மாதிரி. ராத்திரி பாறைப் பொந்தில் ஒதுங்கி, தன் வாயிலிருந்து வரும் கொழகொழப்பான திரவத்தால் கொசுவலை போல ஒரு கூடு கட்டிக் கொண்டு தூங்கும். ஆனால் ஆறு வரிக்காரன் அதைத் தூங்க விடவில்லை. இரண்டு நாள் பாறைக்குப் பாறை துரத்தினான். மூன்றாம் நாள் காலை அக்கா கோலம் போட எழுந்து வந்தபோது, பட்டுப் புடவை மீன் பூஜை அறை வாசலில் காய்ந்து கிடந்தது. தொட்டிக்கு மேலே மூடி இல்லை. துரத்தினால் இந்த இனத்து மீன் மேல்நோக்கித்தான் பாயும்.

"பசுவுக்கே சமாதி கட்டிக் கும்பிடுகிற ஆசிரமத்துக்குப் பக்கத்திலே இருந்துகொண்டு, ஒரு ஜீவனைக் கொண்டுவந்து கொன்னுட்டேனே!" என்றாள் அக்கா. தொட்டியையே எடுத்துவிடுவதாகச் சொன்னாள். கோடை லீவுக்கு வரும் பேரன் சிவப்பு மீன் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவளுடைய பெரிய கவலை.

நானும் அத்தானும் புத்தகங்களைப் புரட்டினோம். ஆறு வரி ராஸின் மேல் குற்றமில்லை. அதன் சுபாவம் அது. முதலில் வந்து இடம் பிடித்த மீன், பின்னால் வருவதை அந்நியனாகத்தான் பார்க்கும். அதிலும் உருவத்திலோ நிறத்திலோ தீனியிலோ தன்னைப் போலிருந்தால் பகை இரட்டிப்பு. ஆகையால் சாதுவான மீனை முதலில் விட வேண்டும். முரட்டு மீனை கடைசியில் விட வேண்டும், அல்லது வாங்காமலே இருக்க வேண்டும். ஒரே வகையில் இரண்டு ஆண்களை வைக்கவே கூடாது. ஒரு வகைக்கு ஒன்று என்று வைத்துக் கொள்வது புதியவர்களுக்கு நிம்மதி.

வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் மன்னார் வளைகுடாவிலும் உள்ள பிறைவால் ராஸ் குஞ்சில் அழகுதான். 25 சென்டிமீட்டர் வளர்ந்த பிறகு தொட்டியிலுள்ள இறாலை எல்லாம் தின்றுவிடும். சிறுத்தைப் புள்ளி போட்ட ராஸ் சாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பூச்சிகளை நாள் முழுக்கத் தேடித் தின்னும் ஜாதி. புதுத் தொட்டியில் பட்டினியால் செத்துப் போகும்.

'துப்புரவு ராஸ்' என்று ஒன்று உண்டு. மற்ற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்பது அதன் தொழில். தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று நினைத்து வாங்குகிறார்கள். வீட்டுத் தொட்டியில் அதற்கு வேண்டிய பிழைப்பு ஏது? பெரும்பாலும் மெலிந்து மாய்கிறது. இதில் பெரிய மீன் ஆண். மற்றவை அதன் மனைவிமார். ஆண் இறந்தால் மூத்த மனைவி சில மணி நேரத்தில் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று வாரத்தில் ஆணாகவே மாறிவிடுகிறாள்! ஆஸ்திரேலியாவில் கண்ட இந்த அதிசயத்தை ராபர்ட்சன் என்பவர் 1972-ல் எழுதினார். 2019-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதே மீனின் தொண்டையில் ஒரு புள்ளி வைத்துக் கண்ணாடியைக் காட்டினார்கள். அது கண்ணாடியில் பார்த்துவிட்டு, தன் தொண்டையைத் தரையில் தேய்த்ததாம்! 'நான் யார்' என்று கேட்கச் சொன்னவர் வாழ்ந்த ஊரில் இதைச் சொன்னதும் அக்கா பேசவே இல்லை. "அது கடல்லேயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

தொட்டியை எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. கைப்பிடியளவு ஓட்டையுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் தீனி வைத்து, நான்கு நாள் பொறுமையாகக் காத்து, ஆறு வரிக்காரனைப் பிடித்தோம். தாட்டியான மீன்கள் வைத்திருக்கும் சென்னை நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிற்று. அத்தான் கால் அங்குலக் கண்ணுள்ள வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மூடி செய்தார். மஞ்சள் மீன் நிம்மதியாக மணலிலிருந்து வெளியே வந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு சின்னப் பெண் ஃபேரி ராஸ் வந்தது. தனித் தொட்டியில் வைத்து நோயில்லை என்று பார்த்த பிறகு, ஓட்டைகள் போட்ட பெட்டியில் அடைத்துப் பெரிய தொட்டிக்குள்ளேயே ஐந்து நாள் தொங்க விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் முகம் பார்த்துப் பழகட்டும் என்றுதான்! திறந்துவிட்ட அன்று மஞ்சள் மீன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கப் போய்விட்டது. சண்டையில்லை. ஒரே வேளையாகக் கொட்டாமல், நாளைக்கு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி போடுகிறாள் அக்கா. பசித்தவர்கள்தானே சண்டைக்கு நிற்பார்கள்?

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மண்டபத்திலுள்ள கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் க்ளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். ஆனால் கடைக்கு வரும் ராஸ் மீன்கள் பெரும்பாலும் கடலில் பிடித்தவை. நம் கூடத்தில் ஒன்று செத்தால் கடலில் ஒன்று குறைந்ததாக அர்த்தம்.

லீவுக்குப் பேரன் வந்தான். வந்ததும் வராததுமாய், "சிவப்பு மீன் எங்கே பாட்டி?" என்று கேட்டான். அக்கா ஒளிக்கவில்லை. தெரியாமல் வாங்கியதையும், மூடி போடாததையும் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் இடம் இருக்கே பாட்டி, இன்னொண்ணு வாங்கலாமா?"

"இடம் இருந்தா நிரப்பியே ஆகணுமா என்ன? அதுகள் கொஞ்சம் காலை நீட்டிண்டு இருக்கட்டும்டா" என்றாள் அக்கா.

மீனுக்கு ஏது கால் என்று கேட்டு அவன் சிரித்த சிரிப்பில், மதில் மேலிருந்த மயில் பறந்து போய்விட்டது.