முதுகில் சுமப்பதா, மேசையில் வைப்பதா?

"அண்ணே, பாப்பாவுக்கு இடம் கிடைச்சிருச்சு. ஸ்கூடாய் யூ.டி.எம்., கட்டடக்கலை!"

குளுவாங்கில் இருந்து தங்கை அழைத்தபோது நான் வேலை முடிந்து, தாமான் யுனிவர்சிட்டியில் ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன. வாழ்த்தெல்லாம் சொல்லி முடித்தபின் அவள் அடுத்துக் கேட்டது இதுதான்: "லேப்டாப் எது வாங்குறதுன்னு நீங்கதான் சொல்லணும்ணே."

எங்கள் குடும்பத்தில் கணினி என்றால் என்னைத்தான் கேட்பார்கள். யார் வீட்டில் வைஃபை வேலை செய்யாவிட்டாலும், யார் கைப்பேசி வாங்கினாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். நானும் யோசிக்காமல் பதில் சொல்லிப் பழகியவன். அன்று மட்டும் வாய் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை வரேம்மா, நேர்ல பேசுவோம்" என்று சொல்லிவிட்டேன்.

காரணம், இதே கேள்வியை அவள் 2020-இல் மூத்த மகனுக்காகக் கேட்டிருந்தாள். அப்போது நான் சொன்ன பதில் தவறு.

அவனுக்குக் கணக்கியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். தங்கையின் கணவர் லாரி ஓட்டுநர். பாதி நாள் வேலை இல்லை. ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கில் இருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுத்துக்கொள்ள ஐ-லெஸ்தாரி திட்டத்தில் அனுமதித்திருந்தார்களே, நினைவிருக்கிறதா? அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் ஆறு மாதம் சேர்த்து வைத்திருந்தாள். முதுமைக்கு என்று இருந்த பணம். "மூவாயிரம் இருக்குண்ணே, நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

நான் என்ன செய்தேன்? "நாலு வருசம் தாங்கணும், பவரா இருக்கட்டும்" என்று சொல்லி, விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட ஒரு மடிக்கணினியை வாங்க வைத்தேன். தனி கிராஃபிக்ஸ் அட்டை, வேகமான செயலி. விலை 3,200 வெள்ளி, எடை 2.3 கிலோ. அதன் மின்னேற்றி மட்டும் அரை கிலோவுக்கு மேல் இருந்தது.

முதல் ஆண்டு முழுவதும் இயங்கலை வகுப்பு. குளுவாங் வீட்டு மேசையில் அது ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. பல்கலைக்கழகம் திறந்து, அவன் விடுதிக்குப் போன பிறகுதான் சிக்கல் தொடங்கியது. இரண்டு மணி நேரம் தாண்டினால் பேட்டரி நிற்காது. விரிவுரை மண்டபத்தில் எல்லா இருக்கைக்கும் மின்செருகி கிடையாது. நூலகத்தில் திறந்தால் விசிறிச் சத்தத்துக்குப் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். இவனுக்கு வேண்டியதோ எக்செல், பாடக் குறிப்பு, கூட்டங்களுக்கு ஸூம். கொஞ்சம் கொஞ்சமாக அதை அறையிலேயே வைத்துவிட்டு, கைப்பேசியில் குறிப்பெடுக்க ஆரம்பித்திருக்கிறான். பிறகு விடுமுறையில் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்து, இலேசான பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கிக்கொண்டான்.

இதை அம்மாவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. ஒரு தீபாவளிக்கு முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, நீங்க வருத்தப்படக் கூடாது" என்று தொடங்கினான். எனக்கு முறுக்கு இறங்கவில்லை.

ஆகவே இந்த முறை ஒரு முடிவோடுதான் குளுவாங்குக்குக் காரை ஓட்டினேன். ஸ்கூடாய் வளாகம் எனக்குத் தெரியும். ஆயிரம் ஹெக்டருக்கும் பெரியது. மேடும் பள்ளமுமான நிலம். விடுதி ஒரு பக்கம், புலம் ஒரு பக்கம், நடுவில் சுல்தானா ஸனாரியா நூலகம். உள்ளே மாணவர்களுக்குப் பேருந்து ஓடுகிறது. என்றாலும் வெயிலிலும் மழையிலும் நடை இல்லாமல் முடியாது. 'பாப்பாவுக்கு இலேசானதுதான். 1.3 கிலோவுக்கு மேல் ஒரு கிராம் கூடாது' என்று மனதில் முடித்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்து இதைச் சொல்ல வாயெடுத்தேன். பாப்பா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நான் மூணு சீனியர்கிட்ட கேட்டுட்டேன்."

அவள் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். அவர்கள் சொன்னபடி, தொடக்கத்தில் கையால் வரைவதும் அட்டையில் மாதிரி செய்வதும்தான் அதிகம். அதன்பின் ஸ்கெட்ச்அப், ஆட்டோகேட், ரெவிட். கட்டடத்தை நிழற்படம் போல ஆக்கிக் காட்டும் லூமியன் மாதிரியான மென்பொருள் அதற்கும் பிறகு. ரெவிட்டும் லூமியனும் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. லூமியனுக்கு நல்ல கிராஃபிக்ஸ் அட்டையும் வேண்டும். 16 ஜிபி நினைவகத்துக்குக் குறைவாக ஒன்றை வாங்காதே என்று மூவருமே சொல்லியிருக்கிறார்கள்.

நான் நினைத்து வைத்திருந்த இலேசான கருவி இந்தப் பெண்ணுக்கு இரண்டாம் ஆண்டிலேயே மூச்சு வாங்கியிருக்கும். அண்ணனுக்குக் கனமானதை வாங்கித் தந்து தவறு செய்தேன்; தங்கைக்கு இலேசானதை வாங்கித் தந்து அதே தவறைச் செய்யப் போனேன். எடை ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு முறையும் நான் படிக்கப் போகிறவரைக் கேட்கவில்லை. அந்தப் படிப்பில் ஏற்கனவே இருப்பவரையும் கேட்கவில்லை. என் தவறு அதுதான்.

பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க நினைக்கும் பெற்றோருக்கு இப்போது நான் சொல்வது மூன்று கேள்விகள்தான்.

முதலாவது: அந்தப் படிப்பு என்ன மென்பொருளைக் கேட்கிறது? கடைக்காரரையும் என்னைப் போன்ற மாமாக்களையும் விட, அதே புலத்தில் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவருக்குத்தான் இது தெரியும். கணக்கியல், சட்டம், மொழி, ஆசிரியர் பயிற்சி, வணிகம் என்றால் இலேசானதே போதும். கணினி அறிவியலுக்கும் 16 ஜிபி நினைவகம் உள்ள இலேசானது பெரும்பாலும் ஈடுகொடுக்கும். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குக் கூகுள் கோலேப் போன்ற இணையச் சேவையில் இலவசமாகவே ஓரளவு செய்து பார்க்கலாம். இயந்திரப் பொறியியலில் சாலிட்வொர்க்ஸ் வந்தால் அது விண்டோஸில் மட்டும் ஓடுவது. அழகாக இருக்கிறதே என்று மேக்புக் வாங்கியவர்கள் அங்கே தடுமாறுவார்கள். கட்டடக்கலை, அசைவூட்டம், காணொளித் தொகுப்பு என்றால் கிராஃபிக்ஸ் அட்டைக்குக் காசு ஒதுக்கத்தான் வேண்டும். ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு அவற்றை இலவசமாகத் தருகிறது, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்கென்று தனியாகப் பணம் கட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது: ஒரு நாளில் அது எத்தனை முறை பைக்குள் போகும்? விடுதி மேசையிலேயே பாதி நாள் இருக்கும் என்றால் இரண்டு கிலோ ஒரு சுமையில்லை. பாசீர் கூடாங்கில் இருந்து தினமும் இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அரை கிலோவும் முதுகில் தெரியும். பெட்டியில் எழுதியிருக்கும் எடையில் மின்னேற்றி சேராது. கடையில் இரண்டையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிப் பாருங்கள். கனமானதை வாங்கினாலும், யூ.எஸ்.பி.-சி வழியாக மின்னேற்ற முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் சாதாரண வேலை உள்ள நாள்களில் பெரிய மின்னேற்றியை அறையில் விட்டுவிட்டு, சிறியதோடு போகலாம்.

மூன்றாவது: எதைப் பிறகு மாற்ற முடியும், எதை முடியாது? கனமான வகைகளில் பெரும்பாலும் நினைவகத்துக்கு இரண்டு இடம் இருக்கும். இன்று ஒன்று, நாளை ஒன்று எனச் சேர்க்கலாம். மிக மெல்லிய வகைகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும்போது இருப்பதுதான் கடைசிவரை. திரையும் கிராஃபிக்ஸ் அட்டையும் எடையும் பெரும்பாலும் மாறாது.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. இன்டெல் செயலியின் எண்ணுக்குப் பின்னால் 'யூ' என்று முடிந்தால் பேட்டரியைச் சேமிக்கும் வகை. 'எச்' என்று முடிந்தால் அதிக மின்சாரம் தின்று அதிகம் உழைக்கும் வகை. கிராஃபிக்ஸ் அட்டையிலும் அப்படித்தான். ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற ஒரே பெயரில், 35 வாட்டில் ஓடுவதும் இருக்கிறது; 100 வாட்டுக்கு மேல் ஓடுவதும் இருக்கிறது. மெல்லிய உடலுக்குள் வைத்தால் சூட்டைத் தாங்க வாட்டைக் குறைக்கத்தான் வேண்டும். 'இலேசாகவும் இருக்கு, பவராகவும் இருக்கு' என்று விற்பனையாளர் சொன்னால், எத்தனை வாட் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

சரி, பாப்பாவுக்கு என்ன ஆனது?

நாங்கள் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு ஏற்றதெல்லாம் 4,500 வெள்ளிக்குக் குறையவில்லை. தங்கை எதுவும் பேசாமல் கையில் இருந்த வளையலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். அடகுக் கடையை நினைக்கிறாள் என்று பொருள்.

அப்போது பெரியவன் கோலாலம்பூரில் இருந்து காணொளி அழைப்பில் வந்தான். இப்போது வேலையில் இருக்கிறான். தங்கைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, "மாமா, என் பழைய லேப்டாப் அலமாரி மேலதானே கிடக்கு. அதுல கிராஃபிக்ஸ் அட்டை இருக்கே, பாப்பாவுக்கு ஆகாதா?" என்றான்.

எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. எடுத்துத் தூசி தட்டினேன். 2020-இல் வந்த செயலி. விண்டோஸ் 11-ஐ ஏற்கும். இதைப் பார்த்தாக வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நினைவகம் 8 ஜிபிதான், ஆனால் இன்னோர் இடம் காலியாக இருந்தது. பேட்டரி மட்டும் முக்கால் உயிர் போயிருந்தது. ஜொகூர் பாருவுக்குக் கொண்டுவந்து, நினைவகத்தை 16 ஜிபி ஆக்கி, பேட்டரி மாற்றி, விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வைத்தேன். மொத்தம் 560 வெள்ளி. கொடுத்தது நான், அந்தப் பணத்தை நான் 2020-இலேயே தங்கைக்குத் தர வேண்டியிருந்தது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இது கடைசிவரை தாங்காது. லூமியன் வரும்போது திணறும். அதைப் பாப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். அதுவரை ஒன்று, ஒன்றரை ஆண்டு இருக்கிறது. அதற்குள் கொஞ்சம் பணம் சேர்க்கலாம். தனக்கு என்ன வேண்டும் என்பதும் அவளுக்கே தெரிந்துவிடும். முதல் நாளே நான்கு ஆண்டுக்கும் சேர்த்து வாங்கியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"கனமா இருக்கேம்மா, தூக்கிடுவியா?" என்று கேட்டேன்.

"என் வரைபலகையே இதைவிடக் கனம் மாமா" என்றாள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வருமான வரியில் வாழ்க்கை முறைக் கழிவாக 2,500 வெள்ளி வரை கோரலாம். கணினியும் அதில் சேரும். தனக்கோ துணைவருக்கோ பிள்ளைக்கோ வாங்கினால்தான் செல்லும். பெரியவன் தன் தங்கைக்கு வாங்கித் தந்தால் கோர முடியாது. பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வாங்க நினைப்பவர்கள், உத்தரவாதம் மலேசியாவிலும் செல்லுமா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விடுதியில் மெத்தைமேல் வைத்து ஓட்ட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். காற்று போகும் வழி அடைபட்டுவிடும். ஆண்டுக் கடைசி மழைக்கு, பைக்கு ஓர் உறையும் வாங்கிக் கொடுங்கள்.

பதிவு நாளன்று விடுதி வாசலில் சாமான்களை இறக்கினோம். தங்கை அந்தப் பழைய பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் காசு வீணாப் போயிருச்சுன்னு நெனச்சேன்ணே" என்றாள். மகன் சொல்லாவிட்டாலும் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர், தன் மகனுக்கு எந்த மடிக்கணினி நல்லது என்று கேட்டார். என்னையும் அறியாமல் ஒரு பெயர் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"என்ன படிக்கப் போறாருண்ணே? அதே படிப்புல மூணாவது வருசம் படிக்கிற யாரையாவது தெரியுமா?" என்று கேட்டேன்.