தற்காலிகமாகப் போவோம், தடம் விட்டு வருவோம்

படித்து முடித்ததும் எங்கே வேலை? நம்மில் பலருக்குக் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, முடிந்தால் சிங்கப்பூர். பேச்சுச் சிகிச்சை, செயல்வழிச் சிகிச்சை போன்ற துறைகளில் பயிலும் நம் மாணவர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். அமெரிக்காவில் இத்துறையினர் சில மாதங்களுக்கோ ஒரு கல்வியாண்டுக்கோ ஒப்பந்தம் செய்துகொண்டு, ஊர்விட்டு ஊர் சென்று பள்ளிகளில் பணியாற்றுவது வழக்கம். அப்படியொரு ஏற்பாடு வட சிலாங்கூர் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால், சில நிபந்தனைகளோடு!

முதலில் தேவையைப் பார்ப்போம். கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களில் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த பள்ளிகள் பல. 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படுகின்றன. அத்தகைய பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிகிச்சையாளரை நிரந்தரமாக அமர்த்துவது நடவாத காரியம். ஆனால் பேச்சுத் தாமதமோ கற்றல் சிரமமோ உள்ள பிள்ளை சிறிய பள்ளியிலும் இருக்கத்தான் செய்கிறது. கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டுமென்றால், நாட்சம்பளக்காரப் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. தனியார் மையத்தில் ஓரிரு அமர்வுகளிலேயே அது கரைந்துவிடும்.

அடுத்தது மொழி. நாட்டில் பேச்சுச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது. இத்துறையில் தமிழ் பேசுவோர் இன்றும் குறைவு. தமிழில் ர, ற, ழ போன்ற ஒலிகள் பிள்ளைகளுக்குத் தாமதமாகவே கைகூடுகின்றன. நம் பேச்சு வழக்கில் பெரியவர்களே 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்கிறார்கள். அது வழக்கு, குறைபாடு ஆகாது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த ஏழு வயதுப் பிள்ளையை மலாயிலோ ஆங்கிலத்திலோ மட்டும் சோதித்தால் என்ன தெரியும்? குறை இல்லாத பிள்ளைக்குக் குறை இருப்பதாகவும், உண்மையிலேயே உதவி வேண்டிய பிள்ளையை 'மொழிதானே, போகப் போகச் சரியாகிவிடும்' என்றும் சொல்லிவிட வாய்ப்புண்டு. பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் சோதிக்க வேண்டும் என்பதே இத்துறையின் அடிப்படைப் பாடம். இங்கே தமிழ் அறிந்த பட்டதாரிக்கு மாற்று இல்லை.

இனி, எதிர்வாதத்தையும் கேட்போம். 'தற்காலிகம்' என்ற சொல் தோட்டப்பள்ளிகளுக்குப் புதிதல்ல. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது. ஆசிரியராக நின்றவர் பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான். பிற்காலத்தில் பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் வகுப்புகள் நடந்தன. தற்காலிகம் என்று வந்தது நிரந்தரப் பழக்கமானதை நாம் அறிவோம். 'நீங்கள் ஒப்பந்தத்தில் போனால் அரசாங்கம் நிரந்தரப் பதவியை ஏன் உருவாக்கப் போகிறது?' என்று கேட்பவர்கள் கேட்பது நியாயமே. ஆனால், அப்பதவி உருவாகும் வரை முதலாம் ஆண்டுப் பிள்ளை காத்திருக்க முடியுமா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது பேச்சுக்கும் பொருந்தும்.

ஆகவேதான் நிபந்தனைகள். ஒன்று, ஒப்பந்தம் ஒரு முழுக் கல்வியாண்டுக்குக் குறையக்கூடாது. பிள்ளை புதியவரிடம் வாய் திறக்கவே சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் ஆள் மாறினால் பாதிப்பு பிள்ளைக்குத்தான். இரண்டு, அருகருகே உள்ள நான்கைந்து பள்ளிகளுக்கு ஒருவர் என்று சுற்றுமுறை வேண்டும். மூன்று, வகுப்பாசிரியருக்கும் பெற்றோருக்கும் அன்றாடப் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுப்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை வருவார். அம்மா தினமும் சோறு ஊட்டுகிறார். நான்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தமிழில் பதிவேடு வைத்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும். நிரந்தரப் பதவி கேட்டு மனு எழுதும்போது அந்தப் பதிவேடுகள் காட்டும் தேவையே நமக்குச் சான்று. இந்த நான்கும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.

2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரே இப்பணியைச் செய்ய வேண்டும். ஆர்வமுள்ள தொண்டர் போதாது. மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதியும் தேவை. சம்பளத்தையும் பெட்ரோல் செலவையும் யார் கொடுப்பது? பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் தனியே சுமக்க இயலாது. இங்கேதான் முன்னாள் மாணவர்களை அழைக்கிறேன். ஆண்டு விருந்துக்கு ஒரு மேசை வாங்கும் பணத்தைப் பத்துப் பேர் ஒதுக்கினால், ஒரு பள்ளிக் கூட்டத்துக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும்.

படிக்கும் நண்பர்களே, ஓராண்டு பணியாற்றினால் நகர மருத்துவமனையில் எளிதில் கிடைக்காத அனுபவம் உங்களுக்குக் கிடைக்கும். தமிழ்ப் பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சியைத் தமிழிலேயே பதிவு செய்த சிலரில் நீங்களும் ஒருவராவீர்கள். தமிழ் வாழ வேண்டும் என்று மேடையில் முழங்குகிறோம். அந்தத் தமிழைப் பேச முடியாமல் தவிக்கும் பிள்ளையின் பக்கத்தில் ஓராண்டு உட்கார யார் முன்வருகிறீர்கள்?