கிரீஸ்ல என்ன இருக்கு?

நம்ம சிலபஸ்ல லூப்ரிகேஷன்னா விஸ்காசிட்டி, ஃபிரிக்‌ஷன், ரெண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆனா ஒரு துப்பாக்கிக்குப் போட்ட கிரீஸ் கம்பெனி ஆட்சியையே ஆட்டியிருக்கு. 1857-ஐ வரலாற்று வகுப்போட விட்டுடக் கூடாது, மெட்டீரியல் செலக்‌ஷன் வகுப்புலயும் நடத்தணும்ங்கிறது என் கருத்து.

முதல்ல டெக்னிக்கல் விஷயம். 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிள்ல மருந்தையும் குண்டையும் குழலோட வாய் வழியா போட்டு, கம்பியால கெட்டிக்கணும். கருமருந்துல ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். எரிஞ்ச பிறகு அதுல பாதிக்கு மேல வாயுவா மாறாம, பொட்டாசியம் உப்புகளா குழலுக்குள்ளயும் புகையிலயும் தங்கிடும். சில ரவுண்டு சுட்டா கசடு கெட்டியாகி அடுத்த குண்டு இறங்காது. கிரீஸ் அந்தக் கசடை இளக்கமா வச்சிருக்கும். சுட்டு முடிச்சதும் தண்ணி ஊத்திக் கழுவணும், ஏன்னா அந்த உப்பு தண்ணியிலதான் கரையும். கழுவாம விட்டா காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக் குழல் துருப்பிடிக்கும். கழுவி, நல்லா துடைச்சு, லேசா எண்ணெய் பூசி வைக்கணும்.

ஆக, கிரீஸ் தேவைன்னு சொன்ன இன்ஜினியர் சரியாத்தான் சொன்னார். கோட்டை விட்டது வேற இடத்துல. தோட்டாக் காகிதத்தைப் பல்லால கடிச்சுக் கிழிக்கணும்ங்கிறது அன்றைய டிரில். அந்தக் காகிதத்துல பூசினது மிருகக் கொழுப்பு. பசுவா, பன்றியா, ஆடா? கறாரா யாரும் பார்க்கலை. கடிக்கப் போறவங்க இந்து, முஸ்லிம் சிப்பாய்கள்னு தெரிஞ்சும்!

1857 ஜனவரியிலேயே விஷயம் வெளியே வந்துடுச்சு. விருப்பப்பட்ட மசகை நீங்களே பூசிக்கலாம்னு உத்தரவு போட்டாங்க. அப்புறம் கையால கிழிச்சா போதும்னும் டிரில்லை மாத்தினாங்க. தேன்மெழுகும் எண்ணெயும் வச்சே வேலையை முடிக்கலாம்னா, அதை முதல்லயே செஞ்சிருக்கலாமே? அதுக்குள்ள நம்பிக்கை போயிடுச்சு. ஏப்ரல்ல மீரட்ல 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தாங்க. மே 10-ல கிளர்ச்சி வெடிச்சது.

கிரீஸ் வெறும் தீப்பொறிதான், 1856-ல அவத்தைப் பிடுங்கினது மாதிரி பெரிய காரணங்கள் இருந்ததுன்னு சொல்வீங்க. உண்மைதான். ஆனா ஏற்கெனவே கொதிச்சிட்டிருக்கற இடத்துல தீப்பொறி எவ்வளவு ஆபத்துன்னு கம்பெனிக்குத் தெரியாதா என்ன? 1806-ல நம்ம வேலூர்லயே தோல் வச்ச தலைப்பாகையைத் திணிச்சு அடி வாங்கினவங்கதானே! 51 வருஷம் கழிச்சு அதே தப்பு.

நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல விலை, ஸ்ட்ரென்த், ஆயுள் எல்லாத்துக்கும் டேபிள் போடுறோம். இதை யார் கையில எடுப்பாங்க, யார் வாயில வைப்பாங்கன்னு ஒரு காலம் கூட அதுல இருக்காது. அடுத்த ரிவ்யூவுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த ஒரு காலத்தைச் சேர்த்துடுங்க.