துயில் திருத்தம் ஆகாது

இரண்டு இழைகள் ஒரே தரவைத் தொடுகின்றன. நிரல் சில வேளை பிழையான விடை தருகிறது. ஒருவர் நடுவே ‘யுஸ்லீப்(1000)’ என்றொரு வரி சேர்க்கிறார். பிழை மறைகிறது, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவ்வரி நிலைத்துவிடுகிறது. இதைத் திருத்தம் என்று வகுப்பறைகள் ஏற்பது அறிவு நேர்மைக்கு இழுக்கு.

அவ்வரியின் பொருள் ‘ஒரு மில்லிநொடி நில்’ என்பதன்று. ‘குறைந்தது ஒரு மில்லிநொடி நில்’ என்பதே. எப்போது எழுப்புவது என்பதை இயங்குதளத்தின் திட்டமிடி முடிவு செய்யும். லினக்ஸில் சாதாரண இழைக்கு இயல்பாகவே 50 மைக்ரோநொடி நெகிழ்வு உண்டு. பளு கூடினால் தாமதத்திற்கு மேல்வரம்பு இல்லை. சமிக்ஞை வந்தால் துயில் இடையிலேயே கலையும். நானோஸ்லீப் அப்போது -1 திருப்பி, எஞ்சிய நேரத்தையும் தெரிவிக்கும். யுஸ்லீப்போ எஞ்சிய நேரத்தைச் சொல்வதில்லை. பாசிக்ஸ் தரப்பாடு 2001இல் அதை வழக்கொழிந்ததென அறிவித்து, 2008இல் நீக்கியும்விட்டது. பாடக்குறிப்புகள் மட்டும் அதை விடவில்லை.

‘நானோஸ்லீப்புக்கு மாறினால் போதுமே’ என்பர். போதாது. சி11 தரப்பாட்டின்படி, ஒத்திசைவின்றி ஓரிழை எழுதுவதை மற்றோரிழை படித்தால் நிரலின் நடத்தையே வரையறையற்றது. துயில் எவ்வளவு நீண்டாலும் இழைகளுக்கிடையே முன்பின் உறவை உண்டாக்காது. பிழை அரிதாகிறது, அகல்வதில்லை. அரிதான பிழையே கண்டறியக் கடினமானது.

புணேயின் ஹடப்சரில், மகர்பட்டாவின் மென்பொருள் அலுவலகங்களுக்குச் செல்வோர் சோலாப்பூர் சாலையைக் கடப்பதை எண்ணுக. கண்ணை மூடி முப்பது நொடி எண்ணிவிட்டு எவரும் இறங்குவதில்லை; வண்டிகள் நின்றனவா என்று பார்த்தே கடக்கிறார்கள். கடப்பதற்கான நிபந்தனை சாலையில் இருக்கிறது, எண்ணிக்கையில் இல்லை. நிரலில் அந்தப் பார்வையைத் தருபவை பூட்டும் நிபந்தனை மாறியும். ஓரிழை முடியும்வரை காத்திருக்க ‘பிதிரெட் ஜாயின்’ உண்டு.

துயிலுக்கும் முறையான இடம் உண்டு: தோற்ற இணைப்பை மீண்டும் முயலுமுன் இடைவெளி விடவும், உணரியைக் குறித்த கால இடைவெளியில் படிக்கவும் அது வேண்டும். அங்கெல்லாம் காலமே நோக்கம். வேறொருவர் வேலையை முடித்திருப்பார் என்ற ஊகத்திற்குக் காலத்தைச் சாட்சியாக்குவதே குற்றம்.

ஆகவே நிரலை மதிப்பிடும் ஆசிரியர்கள் ஒவ்வொரு துயில் வரியிடமும் ஒரே கேள்வி கேட்கட்டும்: இந்த இழை எதற்காகக் காத்திருக்கிறது? காலத்துக்காக என்றால் வரி இருக்கட்டும். நிகழ்வுக்காக என்றால் மதிப்பெண் குறையட்டும்.