மூச்சுக்கு எந்த ஊர்க் கணக்கு?



சென்னை ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கமிருந்து வரும் கடிதங்களில் இப்போதெல்லாம் இளைப்பும் ‘ஊதுற டெஸ்ட்’டும் அடிக்கடி தலைகாட்டுகின்றன. “ரிப்போர்ட்டில் 78 சதவீதம் என்று இருக்கிறது, மீதி 22 எங்கே போச்சு?” என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

முதலில் அந்த டெஸ்ட்டைப் பார்ப்போம். மூக்கில் கிளிப், வாயில் குழாய். நெஞ்சு முட்ட இழுத்து, ஒரே வீச்சில் வெளியே தள்ள வேண்டும். காற்று தீர்ந்ததென்று நாம் நிறுத்தப் பார்க்கும் நேரத்தில்தான் டெக்னீஷியன் “ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!” என்று குரலை உயர்த்துவார். குறைந்தது மூன்று தடவை. தலை கிறுகிறுத்துவிடும். மொத்தம் எவ்வளவு வந்தது, அதில் முதல் நொடியில் எவ்வளவு வந்தது என்பதுதான் முக்கியம். முதல் நொடியின் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மூச்சுக்குழாய் அடைப்பு என்று சந்தேகப்படுவார்கள். என்ன ஊதினாலும் ஒரு லிட்டர் போலக் காற்று உள்ளேயே தங்கிவிடும். அது இந்த மெஷினுக்குப் பிடிபடாது.

அந்த 78 எதில் 78? வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து, ‘இவருக்கு இவ்வளவு வரணும்’ என்று மெஷின் போடும் கணக்கில். உயரம் கூடினால் மூச்சளவும் கூடும் என்று 1846-ல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊதவைத்துக் காட்டினார். ஆனால் அதே உயரமுள்ள நம்மவருக்கு ஐரோப்பியரைவிடப் பொதுவாக அளவு குறைவு. அதனால்தான் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் சென்னையின் ஆரோக்கியமான இளவயதினரை அளந்து, 1990-ல் ‘தொராக்ஸ்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

அப்படியானால் உள்ளூர்க் கணக்கே போதுமா? எனக்கு அதிலும் ஒரு உறுத்தல். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலத்தில் ராயபுரத்து மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டி கறுத்துத்தான் கீழே வரும். 2011-ல் உயர் நீதிமன்றம் தடுத்த பிறகு அந்தக் கரி எண்ணூருக்குப் போனது. தூசு தின்று வளர்ந்தவர்களையே அளவுகோலாக வைத்தால், இழந்த மூச்சும் ‘நார்மல்’ ஆகிவிடாதா?

ஆகவே உங்கள் பழைய ரிப்போர்ட்தான் உங்களுக்குச் சரியான அளவுகோல். எடைக்குப் போடும் பேப்பரோடு அதையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்கும் ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்