காற்றாலை வளர்ந்தது, கூலி வளர்ந்ததா?

சூரத் நகரில் துணி உற்பத்தி செய்துவந்த துளசி தாந்தி என்ற முதலாளிக்கு மின்சாரச் செலவு பெரும் பாரமாக இருந்தது. 1990இல் இரண்டு காற்றாலைகளை விலைக்கு வாங்கி நிறுவினார். துணியைவிடக் காற்றில் லாபம் அதிகம் என்று கண்டுகொண்டார். 1995இல் சுஸ்லான் கம்பெனி பிறந்தது. 2022இல் தாந்தி காலமானார். ஆனால் 17 தேசங்களில் 20,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட யந்திரங்களை நிறுவிய கம்பெனியாக அது நிற்கிறது.

இந்த யந்திரங்களின் கணக்கைத் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டும். எஸ் 52, எஸ் 88, எஸ் 144 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த எண், இறக்கைகள் சுழலும் வட்டத்தின் குறுக்களவு மீட்டரில். எஸ் 52 யந்திரத்தின் திறன் 600 கிலோவாட். எஸ் 88, 2,100 கிலோவாட். எஸ் 144, 3,150 கிலோவாட். 52 மீட்டர் 144 ஆனபோது குறுக்களவு மூன்று மடங்குகூட ஆகவில்லை. காற்றைப் பிடிக்கும் பரப்போ ஏழரை மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. கோபுரத்தின் உயரம் 160 மீட்டர் வரை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்!

யந்திரத்துக்கு நாம் விரோதிகளல்ல. நிலக்கரியும் புகையும் இல்லாமல் மின்சாரம் கிடைப்பது நல்ல காரியம். நமது கேள்வி வேறு. இந்த வளர்ச்சி யாருடைய பணத்தில் வந்தது? பலன் யாருக்குப் போகிறது?

1990களில் காற்றாலை வாங்கிய முதலாளி, அதன் விலை முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள சர்க்கார் அனுமதித்தது. பின்னர் அது 80 சதவீதமாயிற்று. 2017 ஏப்ரல் முதல் 40 சதவீதம். கோவை வட்டாரப் பஞ்சாலை முதலாளிகள் பலர் காற்றாலை முதலாளிகளும் ஆனது இப்படித்தான். வரியில் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் ஜனங்களின் ரூபாய்.

கம்பெனி 2007இல் ஜெர்மனியின் ரீபவர் கம்பெனியைக் கடன்பட்டு வாங்கப் புறப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் நிறுவிய எஸ் 88 யந்திரங்களின் இறக்கைகளில் விரிசல் கண்டது. 2012இல் 20 கோடி டாலருக்கு மேற்பட்ட அயல்நாட்டுக் கடன்பத்திரத் தொகையைத் திருப்பித்தர முடியாமல் நின்றது. 2015இல் அந்த ஜெர்மன் கம்பெனியை 100 கோடி யூரோவுக்கு விற்றது. வங்கிகள் 2013இலும் 2020இலும் கடனைச் சீரமைத்துக் கொடுத்தன. கந்துவட்டிக்காரனிடம் ஐயாயிரம் வாங்கிய விவசாயத் தொழிலாளியின் கடனை இப்படி யாராவது இரண்டு முறை சீரமைத்ததுண்டா?

கம்பெனி மீண்டும் நிமிர்ந்ததிலும் பொதுத்துறைக்குப் பங்கு உண்டு. 2024 செப்டம்பரில் தேசிய அனல்மின் கழகத்தின் துணை நிறுவனம் 370 எஸ் 144 யந்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மொத்தம் 1,166 மெகாவாட். வரிச்சலுகையிலும் பொதுப்பணம், வங்கிக் கடனிலும் பொதுப்பணம், ஆர்டரிலும் பொதுப்பணம். லாபம் மட்டும் தனிச் சொத்தா?

நம் மாகாணத்துக்கும் இதில் பாடம் உண்டு. 1986இலேயே தூத்துக்குடிக்கு அருகில் முள்ளக்காட்டில் பொதுத்துறையில் காற்றாலை சுழன்றது. அந்தப் பாதையில் சர்க்கார் தொடர்ந்து நடக்கவில்லை. முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும் தனியார் காடாயின. இப்போது பழைய சிறு யந்திரங்களைக் கழற்றிவிட்டுப் பெரியவை வைப்பதற்கு 2024இல் தமிழக சர்க்கார் கொள்கை வகுத்திருக்கிறது. கம்பெனியின் ஆரம்பகால 350 கிலோவாட் யந்திரங்கள் ஒன்பதின் திறன், ஒரே ஒரு எஸ் 144க்குச் சமம். ஒன்பது யந்திரங்களுக்குக் காவல் காத்தவனும் எண்ணெய் போட்டவனும் எங்கே போவான்?

நிலம் விற்றவனுக்குப் பணம் கிடைக்கிறது. அந்த நிலத்தில் களையெடுத்து வயிறு வளர்த்தவளுக்குப் பட்டா இல்லை. ஆகையால் நஷ்டஈடும் இல்லை. யந்திரத்தின் அடிவாரம் போக மீதி நிலத்தில் தாராளமாகப் பயிர் செய்யலாம். அதை வேலியிட்டுத் தரிசாகப் போடுவதற்கு நியாயமே கிடையாது.

எனவே நாம் கேட்கிறோம்: யந்திரம் மாற்றும்போது பழைய தொழிலாளிக்குப் பயிற்சி கொடுத்து அவனுக்கே வேலை கொடு. கோபுரம் ஏறுகிறவனைக் காண்ட்ராக்டில் வைக்காதே, நிரந்தரமாக்கு. நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடு, சாகுபடியைத் தடுக்காதே. புதிய காற்றாலைகளில் பொதுத்துறைக்கு முதலிடம் கொடு.

இவை தாமாக வந்துவிடா. ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் ஒரே சங்கநாதமாகக் குரல் கொடுத்தால்தான் வரும். கணவாயில் வீசும் காற்றை எந்த முதலாளியும் உண்டாக்கவில்லை. அதன் பலனில் நமக்குள்ள பங்கைக் கேட்க நாம் தயங்கவேண்டியதில்லை.